ஒட்டடைக்குச்சிக்குக் கிடைத்த கைதட்டல்

வகுப்பே அவளை ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடும். நெடுநெடுவென்று வளர்ந்தது ஒன்றுதான் அவள் செய்த குற்றம்.

மனம்விட்டுப் பேசும் வகுப்பு என்று புதிதாக ஒன்றைத் தொடங்கிய டீச்சர், எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, "உன்னை ரொம்ப நோகடிக்கிறது எது?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். அந்த அசடும் உண்மையைச் சொல்லித் தொலைத்தாள்.

"பட்டப்பேருகூடப் பரவாயில்ல டீச்சர். யாருமே பேசாம இருந்தாத்தான் தாங்க முடியாது."

பட்டப்பெயர் வைத்த வகுப்புத் தலைவி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். டீச்சருக்குக் கண் கலங்கியது.

மணி அடித்ததிலிருந்து யாரும் அவளை ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடவில்லை. எப்படியுமே கூப்பிடவில்லை. பேனா கேட்டாலும் சுவரிடம் கேட்டதுபோல்தான்.

அடுத்த வாரம் டீச்சர் பூரிப்போடு, "இப்ப யாராவது கேலி பண்றாங்களாம்மா?" என்றார்.

"இல்ல டீச்சர்."

எல்லோரும் கைதட்டினார்கள். முதலில் தட்டியவள் வகுப்புத் தலைவி.