ரீஸ்டார்ட் போடாதே

பிசியோதெரபி முடிந்து வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றவில்லை, உள்ளேயிருந்து கொழுந்தனின் குரல் வந்தது.

"அண்ணி, புதுசு போட்டாச்சு! பழசைத் துடைச்சு எறிஞ்சாச்சு!"

வீட்டில் அவனுக்கு 'அப்டேட்' என்றுதான் பெயர். போன் விற்கும் கடையில் வேலை. யார் கையில் போன் இருந்தாலும் பிடுங்கிப் புதிய பதிப்பைப் போடாமல் திருப்பித் தரமாட்டான்.

பழசைத் துடைத்து எறிய அவள் சொல்லவேயில்லை.

டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்பும் அறிக்கைகளைத் தட்டச்சு செய்து மருத்துவமனைக்கு அனுப்புவது அவள் வேலை. ஒரு விபத்துக்குப் பிறகு வலது கை விரல்கள் மடங்குவதில்லை. மௌஸ் பிடிக்க முடியாது. கம்ப்யூட்டரில் அவளுக்குக் கை என்று இருந்தது லாஞ்சர் என்ற ஒரு சின்ன மென்பொருள்தான். இடது கையால் இரண்டு விசையை அழுத்தினால் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் இரண்டெழுத்து அடித்தால் எலும்பு டாக்டரின் படிவம் திறக்கும். வேறு இரண்டெழுத்துக்கு, கண் டாக்டர் ஒருவர் மூச்சுக்கு மூச்சு சொல்லும் நீள வாக்கியம் அப்படியே வந்து விழும். அத்தனையையும் வலியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தவள் அவள். போன மாதம் அறிக்கைகள் தாமதமாகி மருத்துவமனை எச்சரித்துவிட்டது. இன்று மாலைக்குள் போகாவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

லாஞ்சரின் பழைய பதிப்பு அடிக்கடி உறைந்து நின்றதால் புதியது போட அவளேதான் சம்மதித்தாள். ஒரே ஒரு நிபந்தனை: முதலில் பழைய ஃபோல்டரைப் பென் டிரைவில் காப்பி எடுக்க வேண்டும், செட்டிங்ஸ் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

"காப்பி எடுத்தியா?"

"பின்னே? கண் சிமிட்டறதுக்குள்ள முடிஞ்சுது அண்ணி. என்னா ஸ்பீடு!"

அவ்வளவு பெரிய ஃபோல்டர் கண் சிமிட்டுவதற்குள் எப்படிப் போகும்? நாற்காலியை இழுத்து உட்கார்ந்து பென் டிரைவைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு ஐகான். அதன் மூலையில் வளைந்த அம்புக்குறி.

"இது ஷார்ட்கட்டுடா."

"ஆமா, அந்த ஃபோல்டர்தான்."

"ஃபோல்டர் இல்லடா, அதுக்குப் போற வழி. வீட்டை இடிச்சுட்டு விலாசத்தைப் பத்திரமா எடுத்து வச்சிருக்கே!"

அவன் முகம் வெளுத்தது. "குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேனே..."

உடனே அவன் கை நீட்டி மௌஸைப் பிடித்தான்.

"பதறாதீங்க அண்ணி. புதுசுல ஒரு சின்னக் கோளாறு. விசையை அழுத்தினா பழைய பெட்டியே வருது. பழசுல ஒரு ஃபைலு வேற, 'ஓடிட்டிருக்கு, அழிக்க முடியாது'ன்னு அடம் பிடிக்குது. ஒரு ரீஸ்டார்ட் போட்டா எல்லாம்..."

"கையை எடு!"

அவன் துள்ளி விலகினான். சமையலறையிலிருந்து கணவன் கையில் கரண்டியோடு ஓடி வந்தான்.

பழசு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஹார்ட் டிஸ்கில் இருந்ததை இவன் அழித்திருக்கிறான்; ஓடும்போது நினைவகத்தில் ஏற்றி வைத்திருப்பது அப்படியே இருக்கிறது. ரீஸ்டார்ட் போட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

"கையைப் பின்னால கட்டிட்டு நில்லு. மூச்சு விடலாம், வேற எதுவும் பண்ணாதே."

"என்ன ஆச்சு?" என்றான் கணவன்.

"உங்க தம்பி அப்டேட் பண்ணிட்டான்."

இடது கையால் விசையை அழுத்தினாள். பழைய பெட்டி வந்தது. இரண்டெழுத்து அடித்தாள், கண் டாக்டரின் வாக்கியம் வந்து விழுந்தது. உயிர் இருக்கிறது. லாஞ்சரின் செட்டிங்ஸுக்குள் போய், விசைகளாலேயே ஒவ்வொரு வரியாக இறங்கி, பெட்டியின் நிறத்தைச் சாம்பலிலிருந்து நீலமாக்கினாள். எதையாவது மாற்றினால்தான் அது எல்லாவற்றையும் மறுபடி ஹார்ட் டிஸ்கில் எழுதும். செட்டிங்ஸை மூடினாள். பழைய ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தாள். அடம் பிடித்த ஃபைலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு செட்டிங்ஸ் ஃபைல் முளைத்திருந்தது. அதைப் பென் டிரைவில் காப்பி எடுத்தாள். அங்கே வைத்தே திறந்து, எல்லா வரியும் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அதன் பிறகுதான் பழசை நிறுத்தினாள். ஃபைலைப் புதியதன் ஃபோல்டரில் வைத்து, புதியதைத் தொடங்கினாள்.

நீலப் பெட்டி. இரண்டெழுத்து. எலும்பு டாக்டரின் படிவம்.

"அப்பாடா! கிடைச்சிடுச்சுல்ல, விடு," என்றான் கணவன். "நல்ல எண்ணத்துலதானே பண்ணான்."

அவள் நாற்காலியோடு திரும்பினாள்.

"உங்களுக்கு ரெண்டு கை, இவனுக்கு ரெண்டு கை. எனக்கு இருக்கிற ஒண்ணையும் நல்ல எண்ணத்தோட குப்பையில கொட்டியிருக்கான். போயிருந்தா சாயங்காலம் மருத்துவமனைக்கு என்ன அனுப்புவீங்க? இவனோட எண்ணத்தையா?"

கணவன் கரண்டியைப் பார்த்தான்.

"சாரி அண்ணி," என்றான் கொழுந்தன், கட்டிய கையை அவிழ்க்காமலே. சும்மா இருந்திருக்கலாம். "ஆனா புதுசு வேகமா இருக்குல்ல?"

வேகமாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"வெளியே போங்க. ரெண்டு பேரும்."

கதவு சாத்தப்படும்வரை காத்திருந்தாள். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் டாக்டரின் குரலை ஓடவிட்டாள்.