எலுமிச்சை போடாத சிரப்

வீப்கேவுக்கு, சில உணவுகளில் இருக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் ஆகாது. பழைய சீஸ், ஒயின், எலுமிச்சை எது உள்ளே போனாலும் கழுத்தெல்லாம் தடித்து, தலை பிளக்கும். இனிப்புக்கு எதைச் சேர்ப்பது என்று கண்டுபிடிக்கவே ஒரு குளிர்காலம் போயிற்று. வாரத்துக்கு ஒன்றாகச் சாப்பிட்டுப் பார்த்தாள். சர்க்கரை ஒத்துக்கொண்டது, அரிசிப் பாகும் மேப்பிள் பாகும் ஒத்துக்கொண்டன. தேன் மட்டும் ஒரு ஸ்பூனுக்கு மேல் கூடாது.

ஜூனில் அவர்களுடைய ஜெர்மன் ஊரான ஓல்டன்பர்க்கின் வேலிகளில் எல்டர் செடி வெள்ளைக் கொத்தாகப் பூத்ததும், அக்கா அல்முட் அந்தப் பூவில் காய்ச்சிய சிரப் ஆறு புட்டி கொண்டுவந்தாள்.

"உனக்காகவே எலுமிச்சை போடாம காய்ச்சினேன்டி. தைரியமா குடி."

வீப்கேவுக்குக் கண் கலங்கிவிட்டது. குடும்பத்தில் அவள் நோயை நம்பிய முதல் ஆள் அக்காதான்.

பத்து நாளில் தலைவலி திரும்பியது. தேனை விட்டாள். பிறகு மேப்பிள் பாகு, பிறகு அரிசிப் பாகு. கடைசியில் உருளைக்கிழங்கும் கேரட்டும்தான் மிச்சம். நாலு கிலோ இளைத்தாள். மனசைத் தேற்றிக்கொள்ள தினமும் சாயங்காலம் ஒரு தம்ளர் எல்டர் சிரப் கலந்து குடித்தாள். அதன்மேல் மட்டும் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

ஆகஸ்டில் அல்முட்டின் பிறந்தநாள். காபி மேசையைச் சுற்றிப் பதினோரு பேர். வீப்கே கேக்கை வேண்டாம் என்றதும் அல்முட் சிரித்தாள்.

"போதும்டி உன் நாடகம். அந்த சிரப்புல புட்டிக்கு ரெண்டு எலுமிச்சை பிழிஞ்சிருக்கேன். ரெண்டு மாசமா குடிக்கிற, செத்தா போயிட்ட? எல்லாம் உன் மண்டைக்குள்ள இருக்கிற வியாதி!"

சிலர் சிரித்தார்கள். வீப்கே கழுத்துத் துணியை அவிழ்த்தாள். காதிலிருந்து தோள்வரை சிவந்து வீங்கியிருந்தது. சிரிப்பு நின்றது.

"ஜூலைல போன் பண்ணி அழுதேனே, எதைத் தின்னாலும் ஒத்துக்கலைன்னு. அப்பகூட சொல்லத் தோணலையா அக்கா?"

"நீ குணமாகணும்னுதான்..."

"அரிசிப் பாகையும் விட்டுட்டேன்னு சொன்னப்போ, 'நல்லதுடி'ன்ன."

வீப்கே கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மிச்சமிருந்த சிரப்பைக் கொட்டிய மூன்றாம் வாரம் தலைவலி நின்றது. விட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அக்டோபரில் அல்முட் புதுப் புட்டியோடு வந்தாள். "இதுல சத்தியமா சர்க்கரையும் பேரிக்காயும்தான்."

வீப்கே அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். மழையைப் பற்றிப் பேசினாள். அக்கா போனதும் புட்டியை மாடிவீட்டுக்காரியிடம் கொடுத்தாள்.

"உங்களுக்கு வேணாமா?"

"எனக்கு ஆகாது" என்றாள் வீப்கே.