பாங்கு போல ஒரு பிஸ்மில்லா

டெக்சாஸின் ஜனவரிக் குளிரில், மரப்பரண் மேல் பசீருக்குப் பற்கள் தந்தியடித்தன. மூன்று ஜோடி சாக்ஸைத் திணித்த பூட்ஸுக்குள் கால்விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. மான் வேட்டைக்கு இழுத்து வந்த மனைவியின் தம்பி அல்தாபோ கல்லாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் போய்க் குளிருகிறது என்று சொல்ல மானம் இடங்கொடுக்கவில்லை.

ஒருவழியாக மான் வந்தது. பசீர் குறிபார்த்தான். கறி ஹலாலாக வேண்டுமே என்று மெல்லச் சொல்லப்போன பிஸ்மில்லா, நடுங்கிய வாயிலிருந்து பள்ளிவாசல் பாங்கு போல வெடித்தது. மான் ஒரே பாய்ச்சலில் மறைந்தது.

திட்டப்போகிறான் என்று பசீர் திரும்பினான்.

“அல்ஹம்துலில்லாஹ், ஓடிருச்சு! கார்ல ஹீட்டர் போட்டு உட்காரலாம் மச்சான்,” என்றான் அல்தாப். “கொஞ்சம் கை குடுங்க. எனக்கு எழுந்திருக்கவே முடியல.”