காற்றுப் புகாமல்

வேனின் பின்கதவு திறந்ததுமே, உடலை இறக்க வந்த ஆண்களை முந்திக்கொண்டு வேலம்மாள் உள்ளே ஏறிவிட்டாள். கணவனைக் கட்டிக்கொண்டு அழப்போகிறாள் என்றெண்ணிப் பாலக்கரைச் சந்துக்காரர்கள் விலகி நின்றனர். அவளோ சன்னலின் இடுக்கில் திணித்திருந்த கந்தலைப் பிடித்திழுத்தாள். அது அவளுடைய பழைய சுங்குடிச் சேலையின் கிழிசல். அதுபோல் இன்னும் நான்கு இடுக்குகள் இருந்தன.

"எறங்குங்க அண்ணி. அதையெல்லாம் நான் எடுத்துடறேன்," என்று ஷேக் தாவூது தாழ்ந்த குரலில் கூறினான்.

அவள் கணவன் அடைக்கலம் ஒரு தேயிலைக் கம்பெனியின் விளம்பர வேனை ஓட்டியவன். ஊர் ஊராகச் சென்று, மாலையில் சந்தைத் திடலில் திரைகட்டிப் படம் காட்டுவார்கள். படம் முடிந்தபின் அந்த வேனே அவனுக்கு வீடு. அதனுள் ஆள்நீளத்துக்கு ஒரு பலகை, ஒரு குமுட்டி அடுப்பு, ஒரு தண்ணீர்த் தகரம். படக்கருவியை இயக்கியவன் தாவூது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் ஆண்டு மார்கழியில்தான் கம்பெனி அவர்களை முதன்முறையாகக் குன்னூருக்கு அனுப்பியது.

உடலைக் கூடத்தில் கிடத்தினார்கள். தலைமாட்டில் விளக்கேற்றிவிட்டு அடைக்கலத்தின் தாய் மயிலம்மாள் அமர்ந்தாள். மண்ணச்சநல்லூரிலிருந்து வந்திருந்த சித்தப்பா பிச்சைமுத்து, தாவூதை வாசற்படியிலேயே மடக்கினார்.

"ஏம்ப்பா, குளிருன்னா அப்படியா குளிரும்?"

"ரத்தமே உறையுதுங்க. செங்கல்லைச் சுட்டு, சாக்குல சுத்திக் காலடியில வெச்சோம். பாட்டில்ல வெந்நீர் ஊத்தி நெஞ்சோட அணைச்சுக்கிட்டோம். ரெண்டு கம்பளி வாங்கினோம். தகர வண்டிங்க, ஒண்ணும் நிக்கல. எஞ்சினை ஓட விட்டா பெட்ரோல் போகுதுன்னு மேனேஜர் ஏசுவார். அன்னிக்கு நான் கீழே மேட்டுப்பாளையத்துல மச்சான் வீட்டுல தங்கிட்டேன். காலையில வந்து கதவை ஒடைச்சா, அண்ணன் தூங்குற மாதிரியே இருந்தாரு. கரிப்புகை அடைச்சிருச்சுன்னு டாக்டர் சொன்னாரு."

"அடுப்பையும் வெச்சுக்கிட்டு, சந்துபொந்தையும் அடைச்சானா? நல்ல கூத்து! எமனே வந்து கதவைத் தட்டியிருந்தாலும் குளிருதுன்னு திறந்திருக்க மாட்டான்."

இரண்டொருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டனர். வேலம்மாள் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். தாவூது அவள் பக்கம் திரும்பவேயில்லை. அவனுக்குத் தெரியும். அடைக்கலத்துக்கு எழுத்து வாசனை கிடையாது. அவள் எழுதிய கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டியவன் தாவூதுதான்.

அது அவள் வாழ்நாளில் எழுதிய முதற் கடிதம். மாதர் சங்கத்து மாலை வகுப்பில் எட்டு மாதம் பயின்ற பெருமிதம் முழுவதையும் அதில் கொட்டியிருந்தாள். 'குளிர் தாக்காமலிருக்கத் தாங்கள் குமுட்டி அடுப்பில் கரியிட்டு, பிள்ளை பெற்றவளின் அறையைப்போலக் காற்றுப் புகாமல் அடைத்துக்கொண்டு படுக்கவும்.' ஆசிரியை சத்யபாமா அதைத் திருத்தப் பேனாவை எடுத்தவர், திருத்தாமலே வைத்துவிட்டார். 'பிள்ளை பெற்றவளின் அறையைப்போல' என்ற உவமையைப் பாராட்டி, வகுப்பு முழுவதற்கும் படித்துக் காட்டினார். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் வேலம்மாள் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

குளிரைத் தடுப்பது பற்றி அவள் அறிந்ததெல்லாம் அந்த அறை ஒன்றுதான். ஆவணியில் மகள் பிறந்தபோது, மயிலம்மாள் சன்னலடைத்து, கட்டிலருகே கரியடுப்பு மூட்டி, பதினாறு நாள் அவளைக் காத்தாள். "பச்சை ஒடம்புக்குக் காத்துப் படக்கூடாதுடி" என்பாள். குழந்தையைப் பார்க்க வந்த அடைக்கலம், "என்னம்மா, இவளை இட்லிக் கொப்பரையில வெச்சிருக்கே?" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அந்த அறைக்கு நாட்டோட்டுக் கூரை. ஓட்டிடுக்குகளின் வழியே புகை எந்நேரமும் வெளியேறிக்கொண்டிருந்தது. அதை அவள் எழுதவில்லை. எழுத வேண்டிய ஒன்றாக அது அவள் கண்ணில் படவேயில்லை.

பக்கத்து வீட்டு இருளாயி சாம்பிராணி போடத் தணல் தேடினாள். வேனிலிருந்து இறக்கியவற்றுள் குமுட்டி அடுப்பு கண்ணில் படவே, அதிலேயே கரியை மூட்டி உடலருகே கொண்டுவந்து வைத்தாள். புகை எழுந்தது.

சந்துக்காற்றில் விளக்கின் சுடர் சாய்ந்தது.

"வெளக்கு அணையப்போவுது, சன்னலைச் சாத்துங்கடி," என்றாள் மயிலம்மாள். இருளாயி இரண்டு சன்னல்களையும் சாத்தினாள். தாயின் பார்வை மகனின் முகத்துக்கு மீண்டது. "பிள்ளை பெத்தவளாட்டம் அடைச்சுக்கிட்டுப் படுத்தியேடா! ஊரே சிரிக்குதேடா! எந்தப் பாவி உனக்கு இந்த யோசனையைச் சொன்னது?"

தாவூது அவசரமாக, "யாரும் சொல்லலம்மா, அண்ணனா..." என்று தொடங்கினான்.

வேலம்மாள் எழுந்தாள். தெருப்பக்கச் சன்னலின் கொண்டியை நீக்கி, கதவிரண்டையும் சுவரோடு சேரத் தள்ளினாள்.

"நான்தான் எழுதினேன் அத்தை," என்றாள்.

இந்த யோசனையைத் தான் யாரிடமிருந்து கற்றாள் என்பதை வேலம்மாள் சொல்லவில்லை. மயிலம்மாள் அவளைப் பார்த்தாள். பின்பு புகைந்துகொண்டிருந்த அடுப்பைப் பார்த்தாள்.

கையூன்றி எழுந்து, கொல்லைப்பக்கச் சன்னலைத் தானே சென்று திறந்தாள். காற்று கூடத்தின் குறுக்கே பாய்ந்தது. வேலம்மாள் விளக்கருகே விரைந்து வந்து அமர்ந்தாள். திரும்பி வந்து, மருமகளுக்கு எதிரே அமர்ந்து, சுடரின் ஒருபுறம் கையைக் குவித்துக்கொண்டாள். மறுபுறம் வேலம்மாளின் கை முன்னமே இருந்தது.