வாதத்தில் விட்டுப்போனது

வியாழக்கிழமைதோறும் கெர்பனும் தேனிஸும் கால்வாய்க் கரையில் நடந்தபடி சண்டை போடுவார்கள். கெர்பன் கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுப்பவர். கடவுள் இல்லை என்பவர். தேனிஸ் ஊர்ச் சபையின் போதகர். பதினெட்டு வருடச் சண்டைக்கு ஒரே விதி: எதிராளியின் வாதத்தை அவரே 'ஆமா, அதேதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகுதான் மறுக்கலாம்.

பிப்ரவரியில் ஊர் மண்டபத்தில் இருவரையும் மேடையேற்றினார்கள். கறுப்பு உடையில் சபையார் பாதி, கெர்பனின் மாணவர்கள் பாதி. கெர்பன் பாறைகளின் வயதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். தேனிஸ் அதைப் பிசகாமல் திருப்பிச் சொன்னார்.

"இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. கெர்பன் சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா பாறைக்கு வயசு இருக்குங்கறதால, அதைப் படைச்சவர் இல்லன்னு ஆயிடுமா?"

கெர்பனின் மாணவர்களே தேனிஸுக்குக் கைதட்டினார்கள்.

கெர்பனுக்குச் சுருக்கென்றது. "இவரையே கேளுங்க," என்றார். "மூணு வருஷத்துக்கு முன்னாடி தன் மகளை அடக்கம் பண்ணப்ப உயிர்த்தெழுதலைப் பத்திப் பேசினாரே, அதுல ஒரு வார்த்தையாவது இவர் நம்பினாரான்னு."

நம்பவில்லை என்பதைத் தேனிஸ் கால்வாய்க் கரையில் அழுதுகொண்டே கெர்பனிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

பொய் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தேனிஸ் தப்பித்திருக்கலாம். அந்த ஊரில் கெர்பனை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

"இல்ல," என்றார் தேனிஸ். "அன்னிக்கு நம்பல."

சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கிப் போய்விட்டார்.

ஞாயிறன்று கெர்பன் ஆலயத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். ஆராதனை தொடங்குமுன் பிரசங்க மேடையின் அடியில் மூப்பர் போதகருக்குக் கைகொடுப்பார். சபையே அவரை மேலே அனுப்புகிறது என்று பொருள். தேனிஸ் கையை நீட்டினார். மூப்பர் பாரெண்ட் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க போதகரே. எங்கம்மாவையும் நீங்கதான் அடக்கம் பண்ணீங்க."

தேனிஸ் தலையசைத்துவிட்டுப் பக்கக் கதவு வழியாக வெளியேறினார். கெர்பன் பின்னாலேயே ஓடினார்.

"யோசிக்காம சொல்லிட்டேன், தேனிஸ்."

"யோசிச்சுத்தான் சொன்ன. உன்னை எனக்குத் தெரியாதா?"

"உண்மையைத்தானே சொன்னேன்."

"உண்மைதான். அதை வச்சு என்னத்தடா நிரூபிச்ச? மக செத்தா அப்பன் ஒடைஞ்சு போவான்னு நிரூபிச்ச. கடவுள் விஷயம் இருந்த எடத்துலயேதான் இருக்கு. அடுத்த வருஷமே மறுபடி நம்பினேன். அதையும் உங்கிட்டத்தான் சொன்னேன். அதை ஏன் விட்டுட்ட?"

ஜெயிக்கத்தான். வேறு காரணம் தேடியும் கெர்பனுக்குக் கிடைக்கவில்லை.

"இப்பவே உள்ள போய் மிச்சத்தையும் சொல்றேன்."

"சொல்லு. சிநேகிதனுக்காகப் புளுகுறான்னு சொல்லுவாங்க."

போதகர் இல்லாத நாளில் மூப்பர் பழைய பிரசங்கம் ஒன்றைப் புத்தகத்திலிருந்து வாசிப்பது அங்கே வழக்கம். பாரெண்டின் தடுமாறும் குரல் சுவரைத் தாண்டிக் கேட்டது. தேனிஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, சுவரோரம் ஈரத்தில் நின்று கேட்கத் தொடங்கினார். கெர்பனைப் போகச் சொல்லவில்லை; இருக்கவும் சொல்லவில்லை.