ஜட்கா மணி

"கதவைச் சாத்தாதீங்க அண்ணி. உள்ள ஒரே புழுக்கம்."

"சாத்தாம எப்படி? மாப்பிள்ளை வீட்டு ஜனம் கை கழுவ இந்தப் பக்கமாத்தானே வரும்? யார் கண்ணுலயாச்சும் பட்டுத் தொலைச்சா?" பாப்பாயி கதவைச் சாத்தி வெளிப்பக்கக் கொண்டியையும் மாட்டினாள். மாட்டிய பிறகு மனசு கேட்கவில்லை. கதவோரம் குனிந்து, "தாலி கட்டி முடிஞ்சதும் நானே வந்து தொறக்கறேன் அம்மிணி. மனசுல வெச்சுக்காத," என்றாள்.

உள்ளே இருந்தவள் பாப்பாயியின் நாத்தனார் மாதேவி. அவளுடைய அண்ணன் ஜடையன் மைசூர் மண்டி மொஹல்லாவில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். குழாய் ஸ்பீக்கரும் ஒயர்ச் சுருளும் போட்டுவைக்கிற சாமான் அறை அது. அவற்றோடு ஒன்றாக அவளும் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத் தங்கை புட்டம்மாவுக்குக் கல்யாணம். வாசலில் சந்து முழுக்க அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தல் காலில் கட்டிய குழாயில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள்.

வண்டி வந்து நிக்குதடி வாசலிலே – நீ
வாழப்போற சீமையிலே வெளக்கெரியுது.

பாடுகிறவளும் மாதேவிதான். ஆளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு அவள் குரலைப் பந்தலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். தாலியறுத்தவள் எதிரில் வந்தால் அபசகுனமாம். அவள் தொண்டை மட்டும் எப்படியோ சகுனத்தில் தேறிவிட்டது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தச் சங்கதியை இந்தக் கொண்டியிடம் யார் போய்ச் சொல்வது?

மாதேவி ஹனூரில் பிறந்து கொள்ளேகாலத்தில் வாழ்க்கைப்பட்டவள். மூங்கில் லாரி ஓட்டிய புருஷன் பாலாறு தாண்டி ஒரு வளைவில் லாரியோடு போய்ச் சேர்ந்தான். காரியம் முடிந்த கையோடு மாமியார் வீட்டார் அவளை மைசூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். கன்னிப் பெண்ணாக இருந்தபோது ஹனூரில் கல்யாண வீடென்றால் முதல் பாட்டு அவளுடையது. அதையும் அவளே கட்டியிருப்பாள். வெள்ளைச் சேலை கட்டியபின் எந்தக் கல்யாண வீடும் அவளைத் தேடவில்லை. பாடின வாய் சும்மா இருக்குமா? அரிசி புடைக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் தனக்குள்ளே பாடிக்கொள்வாள். ஒருநாள் புட்டம்மாவுக்குத் தலை வாரிவிட்டபடி கட்டியதுதான் அந்த வண்டிப் பாட்டு.

"இது உன்ற கல்யாணத்துக்கு, புட்டி. உன்ற பக்கத்துல நின்னு பாடுவேன்," என்றாள். சொல்லி முடித்ததும் தான் சொன்னது உறைத்தது. அதற்குமேல் சீப்பு ஓடவில்லை.

ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரர் வீட்டு ஏலத்தில் ஜடையன் ஒரு டேப் ரிக்கார்டரை எடுத்து வந்தான். அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. இதே சாமான் அறையில் ஜன்னலுக்குக் கம்பளி கட்டி, பக்கத்துக் கசாப்புக்கடையில் கத்திச் சத்தம் ஓய்ந்த மத்தியான நேரமாகப் பார்த்து, "ஏதாச்சும் பாடு மாதேவி," என்றான். அவள் வண்டிப் பாட்டைப் பாடினாள். 'வாசலிலே' என்று இழுத்து நிறுத்திய இடத்தில், சந்தில் போன ஜட்காக் குதிரையின் கழுத்து மணி டிங் டிங் என்று டேப்புக்குள் புகுந்துவிட்டது. மாதேவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"விடு. சும்னே, சும்மா ஒரு டெஸ்டுதானே," என்றான் ஜடையன்.

அந்த டெஸ்டைத்தான் ஒரு கல்யாணத்தில் வேறு பாட்டு கைவசம் இல்லாமல் போட்டான். பாடியது யார் என்று கேட்டவர்களிடம் மதராஸ் பாட்டு என்று புளுகிவைத்தான். பிறகு மைக் செட் பேச வருகிறவர்களெல்லாம், "அந்த வண்டிப் பாட்டு இருக்குதல்ல?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். மாதேவி இன்னும் பாட்டுகள் கட்டினாள், ஜடையன் கம்பளி கட்டிப் பதிவு செய்தான். ஆனால் ஜனங்களுக்கு முதல் பாட்டுதான் பாட்டு. தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகப் பந்தலைச் சுற்றி வரும்போது குழாயோடு சேர்ந்து பெண்களும் பாட ஆரம்பித்தார்கள். 'வாசலிலே' என்று வந்ததும் ஜட்கா மணிக்குப் பதிலாக, தட்டை ஏந்தியிருக்கிறவள் மோதிர விரலால் தட்டில் இரண்டு தட்டுத் தட்டுவாள். மற்றவர்கள் கையில் கிடைத்த செம்பிலும் தாம்பாளத்திலும் தட்டுவார்கள். கொஞ்ச காலத்தில், தட்டாவிட்டால் பெண்ணுக்கு ஆகாது என்று யாரோ சொல்லிவைத்தார்கள். எல்லோரும் நம்பினார்கள். வழக்கம் என்பது இப்படித்தான் பிறக்கிறது. எந்தக் குதிரை எந்தச் சந்தில் போனது என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

தேவநேசன் அந்தக் குழாயைப் பின்தொடர்ந்துதான் வீட்டுக்கு வந்தார். மதராஸ் ரிக்கார்டுக் கம்பெனி ஒன்றின் மைசூர் ஏஜென்ட் அவர்.

"நாலு ரிக்கார்டு சேர்த்து ஒரு ஆல்பமாவே போடலாம் மிஸ்டர் ஜடையன். கல்யாணப் பாட்டு ஆல்பம். அட்டையில பாடினவங்க போட்டோ, பேரு. இப்படி ஒரு வாய்ஸைச் சாமான் ரூமுக்குள்ள வெச்சிருக்கறது பாவம்ங்க."

"பாவமோ புண்ணியமோ, பாடினது ஒரு தாலியறுத்தவள்னு தெரிஞ்சா எவனுங்க என்ற செட்டைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்? சின்னவளுக்கு வேற சம்பந்தம் பேசிட்டிருக்கோம்."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "போடறதா இருந்தா நான் இருக்கற மாதிரியே படம் போடணுமுங்க. பேரும் என்ற பேருதான்."

அவள் அந்நிய ஆணோடு பேசியது அதுதான் முதல் தடவை. ஜடையன் திரும்பிக் கதவை முறைத்தான். கல்யாணம் முடிந்த பிறகுதான் ஆல்பம் கடைக்கு வரும் என்று தேவநேசன் பைபிள் மேல் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னதால் தலையாட்டினான். மாதேவி வெறும் நெற்றியோடு ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டாள். அண்ணனோடு மதராஸ் போய், பஞ்சு வைத்த சுவருக்குள் நின்று பாடிவிட்டு வந்தாள். கம்பெனி அனுப்பிய மாதிரி ரிக்கார்டைப் போட்டுக் கேட்டபோது பாட்டு அப்பழுக்கில்லாமல் இருந்தது. "மணி எங்கக்கா?" என்று கேட்டாள் புட்டம்மா.

கொள்ளேகாலத்துப் பட்டு நூல் வியாபாரக் குடும்பத்தில் புட்டம்மாவுக்கு இடம் அமைந்தது. மாப்பிள்ளை முனிராஜ், சாதுவான பையன். அவன் அம்மா கமலம்மாள் வெற்றிலை மாற்றும்போதே பேசிவிட்டாள்.

"அறுத்த பொண்ணு ஒண்ணு வீட்டுல இருக்குதாமே. அவளை நான் கொறை சொல்லலை, அவ தலையெழுத்து. ஆனா பந்தல்ல அவ நெழல் விழக்கூடாது." அதே மூச்சில், "அப்புறம், உங்க செட்டுல அந்த வண்டிப் பாட்டு இருக்குமல்ல? தாலித் தட்டு வரப்ப அது கண்டிப்பா வேணும்," என்றாள்.

ஜடையன் இரண்டுக்கும் ஒரே தலையை ஆட்டினான்.

ஆக, கல்யாணத்தன்று கொண்டி மாட்டப்பட்டது. நலங்கு முடிந்து முகூர்த்தம் நெருங்குகிற வேளையில் அந்தக் கொண்டியை ஜடையனே திறந்துகொண்டு வந்தான். கையில் புத்தகம்போல் தடித்த அட்டை. தேவநேசன் முதல் ஆல்பத்தைக் கல்யாணப் பரிசாகக் கொண்டுவந்திருந்தார்.

"பாரு மாதேவி. உன்ற ஆல்பம்."

அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பெரிய எழுத்தில் 'ஹனூர் மாதேவி' என்று அச்சிட்டிருந்தது. அதற்குக் கீழே அவள் முகம். நெற்றியில் வட்டமாகச் சிவப்புப் பொட்டு. தலையில் கொத்தாக மல்லிகைப்பூ. வெள்ளைச் சேலைக்கு யாரோ அரக்கும் சரிகையும் தீட்டியிருந்தார்கள்.

"இது யாரு?" என்றாள்.

வாசற்படியில் நின்ற தேவநேசன் முகத்தைத் தொங்கப்போட்டார். "நான் எவ்வளவோ சொன்னேன்மா. கல்யாண ஆல்பத்துல வெறும் நெத்தி விக்காதுன்னு சொல்லி, ஆர்ட்டிஸ்ட்டை வெச்சு டச்சப் பண்ணிட்டாங்க."

"நல்லதாப் போச்சு," என்றான் ஜடையன். அவன் முகத்தில் நிஜமாகவே நிம்மதி தெரிந்தது. "இனி ஒரு பயம் இல்லை." ஆல்பத்தை வாங்கிப் போய்ச் சீர்த்தட்டில் தேங்காய் பழத்தோடு வைத்தான். அவசரத்தில் கொண்டி போட மறந்துபோனான்.

கமலம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படம் பார்க்கத் தெரியும். சீர்த்தட்டிலிருந்து ஆல்பத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "யாரிது, மகாலச்சுமி மாதிரி?"

"நீங்க கேக்கற வண்டிப் பாட்டைப் பாடினவங்க. இந்த வீட்டுப் பொண்ணுதாம்மா," என்றார் தேவநேசன். மனுஷருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜடையன் குறுக்கே புகுந்தான். "பெரியப்பன் மகளுங்க," என்று ஒரு பொய்யைத் துப்பினான்.

"வந்திருக்காளா? பின்ன என்ன, இந்தப் பாட்டைப் பாடின கட்டுக்கழுத்தி கையாலயே தாலித் தட்டு பந்தலைச் சுத்தட்டும். என்ற மருமகளுக்கு அதைவிட ஆசீர்வாதம் எது? வரச் சொல்லுங்க."

பாப்பாயி சாமான் அறைக்கு ஓடி வந்தாள். ஒரு கையில் குங்குமச் சிமிழ், மறு கையில் அவளுடைய கல்யாணப் பட்டு. மூச்சு வாங்கியது.

"கட்டிக்க அம்மிணி. கொஞ்ச நேரம்தான். படத்துல இருக்கற மாதிரி வந்து தட்டைச் சுத்திக் காட்டிட்டுப் போயிடு. உன்ற காலுல வேணாலும் விழறேன்."

மாதேவி சிமிழையே பார்த்தாள். ஆசை இல்லாமல் இல்லை. பொட்டு வைத்துக்கொள்ள அவள் நெற்றி ஏங்காத நாள் கிடையாது. ஆனால் இதே அண்ணிதான் அவள் புருஷன் செத்த அன்று ஈரத் துணியால் அந்த நெற்றியை அழுத்தித் துடைத்தவள். அன்றைக்கு அழித்தது ஊருக்குப் பயந்து. இன்றைக்கு வைக்கச் சொல்வதும் ஊருக்குப் பயந்து. நடுவில் இருக்கும் நெற்றி யாருடையது?

"பேடா அண்ணி, வேண்டாம். பொட்டு எனக்கு வேணும்னா நான் என்னிக்காச்சும் எனக்காக வெச்சுக்குவேன். பொய் சொல்றதுக்கு வெக்க மாட்டேன்."

"உன்ற தங்கச்சி வாழ்க்கைடி."

அடுத்த அறையில் அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்த புட்டம்மா எழுந்து வந்து நிலையில் நின்றாள். மை கரைந்திருந்தது. இவள் ஒரு வார்த்தை கெஞ்சினால் தன் பிடிவாதம் நிற்காது என்று மாதேவிக்குத் தெரியும்.

"பொட்டு வேண்டாம்க்கா," என்றாள் புட்டம்மா. "இன்னிக்கு ஏமாத்திட்டா, நெசம் தெரியற நாள்ல அந்த வீட்டுல உதை வாங்கறவ நான்தான். தெரியறது இன்னிக்கே தெரியட்டும். பக்கத்துல நின்னு பாடறேன்னு சொன்னியல்ல? வா."

புட்டம்மா போய் மணையில் உட்கார்ந்தாள். மாதேவி வெள்ளைச் சேலையோடு பந்தலுக்கு வந்தாள். தாலித் தட்டைப் புரோகிதர் முன்னாலிருந்து எடுத்தாள். பேச்சுச் சத்தம் வரிசை வரிசையாக அடங்கியது. குழாயில் அவள் பாட்டு அப்போதுதான் தொடங்கியிருந்தது.

கமலம்மாள் முதலில் நெற்றியைப் பார்த்தாள், பிறகு மடியிலிருந்த ஆல்பத்தைப் பார்த்தாள். "இது யாரு?"

"நான்தானுங்க அதுல இருக்கறது. மாதேவி. புட்டிக்கு அக்கா. பாட்டு நான் கட்டினது. பொட்டு கம்பெனிக்காரங்க வரைஞ்சது."

கமலம்மாள் பாய்ந்து வந்து தட்டைப் பிடுங்கினாள். "எத்தனை தைரியம். முனிராஜ், எந்திரிடா."

முனிராஜ் மணையில் அசையாமல் இருந்தான். "முகூர்த்தம் தாண்டுதும்மா," என்று மட்டும் சொன்னான். புரோகிதரும் வானத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நல்ல நேரம் தவறுவது பெரிய கேடா, கைம்பெண் நிற்பது பெரிய கேடா? கமலம்மாளின் முகத்தில் இரண்டு பயமும் மோதிக்கொண்டன.

"மொதல்ல அந்தப் பாட்டை நிறுத்து. இவளை உள்ள அனுப்பு. தட்டை நானே சுத்தறேன்."

ஜடையன் தங்கையைப் பார்க்காமல் போய் ரிக்கார்டின் மேலிருந்த ஊசியைத் தூக்கினான். குழாய் அடங்கியது. கமலம்மாள் தட்டோடு முதல் வரிசைக்கு நகர்ந்தாள். மாதேவி உள்ளே போகவில்லை. மணைக்குப் பக்கத்தில், தங்கைக்கு ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டாள்.

தட்டு வந்தால் பாட்டு வர வேண்டும். முதல் வரிசையில் இருந்தவர்கள் கொள்ளேகாலத்துப் பெண்கள், கமலம்மாளின் சொந்தக்காரிகள். மௌனத்தில் தாலி சுற்றி வருவதைக் கண்டு அவர்களுக்குத் திக்கென்றது. இது என்ன கல்யாண வீடா, சாவு வீடா? ஒருத்தி மெதுவாக எடுத்தாள். இன்னொருத்தி சேர்ந்தாள். பந்தல் முழுக்கப் பற்றிக்கொண்டது. மாதேவியும் வாய்விட்டுப் பாடினாள், புட்டம்மாவைப் பார்த்துக்கொண்டே.

வண்டி வந்து நிக்குதடி வாசலிலே...

கமலம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு மாதேவியையே முறைத்தபடி நின்றாள். ஆனால் 'வாசலிலே' என்று வந்ததும் அவளுடைய மோதிர விரல் தானாக எழுந்து தாலித் தட்டில் இரண்டு முறை தட்டியது.

டிங், டிங்.

மாதேவி அடுத்த அடியைப் பாடினாள்.