மண் பூசிய குழாய்

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே, கொழுந்தைத் தூளாக்குகிற அந்தத் தேயிலை ஸ்டோரில் அழகுமுத்துவை யாருக்கும் ஆகாது. அவனுக்கும் யாரையும் ஆகாது. பாய்லருக்கு விறகு போடுகிறவன். நாள் முழுக்க நெருப்போடு மல்லுக்கட்டுகிறவனுக்கு வாய் மட்டும் எப்படிக் குளிரும்?

ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் கஸ்பர் அன்று முகத்துக்கு நேரே கேட்டார்.

"நாளுக்கு மூணு வண்டி வெறகு. இதுல லயத்துக்கு எம்புட்டு இறக்குற? அடுத்த வாரம் ரெண்டு வண்டியில இஞ்சின் ஓடலன்னா ஒன் பேரை வெட்டிருவேன்."

பேர் போனால் வேலையோடு, குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போச்சு. ஒரு சுள்ளியைக்கூடத் திருடியவன் இல்லை அழகுமுத்து. திருடன் யார் என்று அவனுக்குத் தெரியும். பாய்லரிலிருந்து இஞ்சினுக்குப் போகும் முப்பதடி இரும்புக் குழாய் மொட்டையாகக் கிடந்தது. மழையில் கொழுந்தெடுத்து வரும் பெண்கள் நனைந்த கம்பளிகளை அதன்மேல்தான் காயப்போடுவார்கள். துரை கண்டால் தொலைந்தது. எல்லாம் கள்ளத்தனமாக நடக்கிற காரியம். இஞ்சினைச் சேர்வதற்குள் நீராவியில் பாதி தண்ணீராகிவிடும். இஞ்சின் முக்கும், இவன் இன்னும் நாலு கட்டையைத் தள்ளுவான். சனியன் பிடித்த கம்பளிகள்!

ஞாயிற்றுக்கிழமை, குழாய் ஆறிய பிறகு, களிமண்ணில் மானாப்புல்லை நறுக்கிப் போட்டு மிதித்து நாலு விரல் கனத்துக்கு அப்பினான். மேலே சாக்கைச் சுற்றிக் கம்பியால் இறுக்கினான்.

மறுநாள் மழை. கொழுந்துக்காரி காளியாயி கம்பளி சொட்டச் சொட்ட வந்து சாக்கைத் தொட்டுப் பார்த்தாள். சூடே இல்லை.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க? புள்ளைக்கு மார்ச்சளி. இதத்தான் போத்தணும்."

"ஒன் கம்பளி காயவா நான் நெருப்புப் போடுறேன்? போடி அங்கிட்டு."

"நல்லா இருப்ப நீ," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப்பின் அவனைக் கண்டாலே பெண்கள் காறித் துப்பினார்கள். துப்பட்டும் என்றிருந்தான். வாரம் முழுக்க நாளுக்கு இரண்டே வண்டி. சனிக்கிழமை சாயங்காலம், கொழுந்து நிறுக்கிற நேரத்தில், மிச்ச விறகைக் காட்டிக் கஸ்பர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

கஸ்பர் விறகைப் பார்த்தார். "அப்போ இம்புட்டு நாளா அந்த ஒரு வண்டி எங்கடா போச்சு?"

அழகுமுத்து உள்ளே கைகாட்டினான். "குழாயிலங்க ஐயா. இவளுக கம்பளியக் காயப்போட்டுச் சூட்டையெல்லாம் குடிச்சிட்டாளுக. நீங்களே கேளுங்க."

கஸ்பர் கொழுந்து நிறுக்க நின்ற பெண்கள் வரிசையைப் பார்த்தார். ஈரக் கம்பளியோடு முன்னால் நின்ற காளியாயி, அழகுமுத்துவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தக் குழாய்ப் பக்கமே நாங்க போனதில்லீங்கய்யா."

பின்னால் நின்றவர்களும் தலையாட்டினார்கள். கஸ்பர் பேர்ப் புத்தகத்தை விரித்துப் பென்சிலை எடுத்தார். உள்ளே இஞ்சின் சிரமமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.